வகுப்பு ஏறுவதும் பாடம் ஏறுவதும்

பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கக் கிளம்பிய ஓர் அறக்கட்டளைதான் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் தலையில் மணிக்கணக்கைக் கட்டியது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அந்தப் பணம் வேண்டுமென்றால் மாணவர் சேர்க்கைக்கு ஒரு பொது அளவுகோலைக் கல்லூரிகள் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பாடத்தை ஓராண்டில் சுமார் 120 மணி நேரம் படித்தால் ஒரு யூனிட். உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு யூனிட் சேர்த்தவனுக்குக் கல்லூரிக் கதவு திறக்கும். ஓய்வூதியத்துக்காகக் கல்லூரிகள் ஒப்புக்கொண்டன, கல்லூரிகளுக்காகப் பள்ளிகள் ஒப்புக்கொண்டன. பையனுக்கு இயற்கணிதம் தெரியுமா என்ற கேள்விக்கு, 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்பது பதிலாகிப்போனது. நூறு வருடத்துக்கு மேல் இதுவே ஓடியது. 2023-இல் அதே கார்னகி அறக்கட்டளை, தேர்வு நிறுவனமான இ.டி.எஸ்.ஸுடன் சேர்ந்து இந்த யூனிட்டுக்கு மாற்று தேடப்போவதாக அறிவித்தது.

‘பர்சனலைஸ்டு லேர்னிங்’, அதாவது அவரவர் நிலைக்கும் வேகத்துக்கும் ஏற்ற கற்றல், என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான பள்ளியில் நேரம் கெட்டி, கற்றல் இளக்கம். ஜூன் மாதம் வந்தால் வகுப்பு முடிந்துவிடும். ஒருவன் தொண்ணூறு சதவீதம் புரிந்துகொண்டிருப்பான், இன்னொருவன் அறுபது. இருவரும் அடுத்த வகுப்புக்குப் போவார்கள். அறுபதுக்காரன் தெரியாமல் விட்ட நாற்பதையும் தூக்கிக்கொண்டு போகிறான், அடுத்த வருடப் பாடம் அந்த நாற்பதின் மேல்தான் நிற்கிறது. நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் இப்படிச் செய்ய மாட்டார். சரளி வரிசை நிற்காதவளுக்கு அவர் கீதம் சொல்லித்தர மாட்டார். ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம், இன்னொருத்திக்கு ஒன்றரை வருடம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே கற்றல் கெட்டி, நேரம் இளக்கம். இந்தத் திருப்பத்தை ஒரு வீட்டில், ஓர் ஆசிரியரிடம் செய்வது சுலபம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் பேருந்து அட்டவணையும் மாநிலத் தேர்வும் ஊதியக் கணக்கும் உள்ள ஓர் அரசுப் பள்ளி அமைப்பு முழுவதும் செய்ய முடியுமா என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது நம்முடைய வருவாய் மாவட்டம் போன்றதல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாடு முழுக்க சுமார் பதின்மூவாயிரம் பள்ளி மாவட்டங்கள் உண்டு. சில லட்சக்கணக்கான மாணவர்களைக் கொண்டவை, சில இருநூறு பேருக்குக் குறைவானவை. பெரும்பாலானவற்றில் ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்கும். அந்தக் குழு ஒரு கண்காணிப்பாளரைச் சம்பளத்துக்கு வைக்கும். நிதியின் ஒரு பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வரும். தலைநகரிலிருந்து ஆணை வந்து இறங்கும் அமைப்பு அல்ல அது. மாற்றம் வேண்டுமானால் ஊரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஊர் சம்மதித்துவிட்டால், நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு மாற்றவும் செய்யலாம்.

அப்படி மாற்றியவர்களில் முன்னோடி, அலாஸ்காவின் சுகாச் பள்ளி மாவட்டம். பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியைச் சுற்றி சுமார் 22,000 சதுர மைல், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு இடத்தில் இருநூற்றுச் சொச்சம் மாணவர்கள். பாதிப் பேர் அலாஸ்காவின் பூர்வகுடிப் பிள்ளைகள். விட்டியர் என்ற ஊரில் கிட்டத்தட்ட மொத்த ஜனமும் ஒரே பதினான்கு மாடிக் கட்டடத்தில் வசிக்கிறது. பனிக்காலத்தில் பிள்ளைகள் சுரங்கப்பாதை வழியாகப் பள்ளிக்குப் போவார்கள். சினேகா கிராமத்தை 1964 நிலநடுக்கத்தின் பேரலை அழித்தது. ஊரில் மூன்றில் ஒரு பங்கு பேர் மாண்டார்கள், மீதிப் பேர் இருபது வருடம் கழித்து வேறொரு தீவில் ஊரை மறுபடி கட்டினார்கள். 1989-இல் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது டடிட்லெக் கிராமத்துக்குப் பக்கத்தில். இந்த ஊர்களுக்குப் பெரும்பாலும் சிறு விமானத்திலோ படகிலோதான் போக முடியும். வந்த ஆசிரியர்களில் பாதிக்கு மேல் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். 1994-இல் கணக்குப் பார்த்தபோது சராசரி மாணவர் வாசிப்பில் மூன்று வகுப்பு பின்தங்கியிருந்தார். அதற்கு முந்தைய இருபது வருடத்தில் கல்லூரிப் பட்டம் பெற்றவர் ஒரே ஒருவர்.

அப்போது பொறுப்பேற்ற கண்காணிப்பாளர் ரோஜர் சாம்ப்சனும் அவருடன் வேலை செய்த ரிச்சர்ட் டிலொரென்ஸோவும் பாடப்புத்தகத்தையோ கம்ப்யூட்டரையோ முதலில் தொடவில்லை. கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டார்கள். பள்ளியை விட்டுப் போகும்போது உங்கள் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பெற்றோரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டார்கள். வந்த பதில்களிலிருந்து பத்துத் துறைகள் உருவாயின. கணிதம், வாசிப்பு, எழுத்து, அறிவியல் ஆகியவற்றுடன் சொந்தப் பண்பாட்டை அறிவதும், சமூகப் பழக்கமும், வேலைக்குத் தயாராவதும் அதே அந்தஸ்தில் இடம்பெற்றன. ஒவ்வொரு துறைக்கும் படிநிலைகள். படிநிலையை முடித்துக் காட்டினால் அடுத்தது. வயது, வருடம் எதுவும் கணக்கில்லை. சிலர் பதினாறு வயதுக்குள் முடிக்கலாம், சிலருக்கு இருபத்தொன்று ஆகலாம். இதற்குக் குறுக்கே நின்றது யூனிட் கணக்கு. மாநிலக் கல்வி வாரியத்திடம் போய் அதிலிருந்து விலக்கு வாங்கினார்கள். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் மிக முக்கியமான காரியம் அந்த ஒரு காகிதம். சட்டப்படி மணிக்கணக்கிலிருந்து விடுபடாமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் சுவரில் ஒட்டிய வாசகமாகவே நின்றிருக்கும்.

‘ஆங்கரேஜ் ஹவுஸ்’ என்று ஒரு வீட்டையும் நடத்தினார்கள். தீவுக் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கரேஜ் நகரத்துக்கு வந்து தங்கி, பேருந்து பிடிப்பது, வங்கிக்குப் போவது, வேலைக்கு நேர்காணல் தருவது எல்லாம் பழகுவார்கள். இதற்கும் படிநிலை உண்டு. 1995-இல் தேசிய அளவிலான வாசிப்புத் தேர்வில் 28-ஆவது பெர்சன்டைலில் (தேர்வு எழுதிய நூறு பேரில் 28 பேரை மட்டும் மிஞ்சும் இடம்) இருந்த சராசரி, 1999-இல் 71-க்கு வந்தது. ஆசிரியர்கள் விட்டுப்போகும் விகிதம் 55 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கியது. கம்பெனிகளின் தரத்துக்காகத் தரப்படும் மால்கம் பால்ட்ரிஜ் தேசிய விருது முதன்முறையாகக் கல்வித் துறைக்கு வழங்கப்பட்ட 2001-இல் அதைப் பெற்ற மூன்று அமைப்புகளில் சுகாச் ஒன்று. முப்பது ஊழியர்கள் கொண்ட இடம். இருநூறு பிள்ளைகளின் சராசரி சில பேரால் கூட நிறைய அசையும் என்பதை மறக்காமல் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் இருபது வருடத்தில் ஒரு பட்டதாரி என்ற இடத்திலிருந்து தொடங்கியவர்கள் இவர்கள்.

டிலொரென்ஸோ பிறகு தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கி இந்த முறையை மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார். கொலராடோவில் ஆடம்ஸ் கவுன்டி 50, மெயின் மாநிலத்தில் சில மாவட்டங்கள், கலிபோர்னியாவில் லிண்ட்சே எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை.

லிண்ட்சே, சான் வாகீன் பள்ளத்தாக்கில் சியாரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கும் ஆரஞ்சுத் தோட்ட ஊர். ஜனத்தொகை பதின்மூவாயிரத்துக்குப் பக்கம். 1990 டிசம்பரில் அடித்த உறைபனி ஆரஞ்சுக் காய்ப்பை மொத்தமாக அழித்தது. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ஆலிவ் பதப்படுத்தும் ஆலையும் அதையொட்டிய ஆண்டுகளில் மூடப்பட்டது. பள்ளி மாவட்டத்தில் சுமார் 4,100 மாணவர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. பெரும்பாலோர் தோட்டக் கூலிக் குடும்பங்கள், ஏறக்குறைய எல்லோரும் இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. ஒரே வகுப்பறையில், ஆறு மாதத்துக்கு முன் மெக்சிகோவிலிருந்து வந்த பெண்ணும், இங்கேயே பிறந்து வளர்ந்து புத்தகம் புத்தகமாக வாசித்துத் தள்ளும் பையனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே பக்கம், ஒரே வெள்ளிக்கிழமைத் தேர்வு. இது யாருக்குமே நியாயமில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

2007-இல் ஊரைக் கூட்டித் திட்டம் தீட்டினார்கள். உடனே தொடங்கவில்லை, இரண்டு வருடம் தயாரிப்பு. 2009-இல் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஆரம்பித்து, அந்தப் பிள்ளைகள் மேலே போகப் போக ஒவ்வொரு வருடமாக நீட்டினார்கள். பிறகு கீழ்வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2012 டிசம்பரில் ஒபாமா அரசின் போட்டி நிதியில் ஒரு கோடி டாலர் கிடைத்தது. அந்தப் போட்டியில் முதல் சுற்றில் நாடு முழுவதும் வென்ற விண்ணப்பங்கள் பதினாறு. இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும்: ஊர்க்கூட்டம் 2007, வகுப்பறை 2009, பெரும் பணம் 2012. பணம் வந்தபோது அதை எதில் போடுவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நடைமுறை இப்படி. ஒவ்வொரு பாடமும் கற்றுத் தேற வேண்டிய சில தலைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் என்ன தெரிந்தால் தேர்ச்சி, அதற்கு மேல் என்ன தெரிந்தால் சிறப்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அது மாணவர் கையிலும் இருக்கும், பெற்றோரும் பார்க்கலாம். மதிப்பெண் நான்கு வரை. மூன்று என்றால் தேர்ச்சி. இரண்டு என்றால் இன்னும் வரவில்லை. ஏ, பி, சி கிடையாது, ஃபெயில் என்ற எஃப் கிடையாது. ஜூன் மாதத்தில் பாதிதான் முடித்த மாணவி ஆகஸ்டில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டாள், விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வேகமாக முடித்தவன் மற்றவர்களுக்காகக் காத்திருக்க மாட்டான். ஒரு பையன் கணிதத்தில் ஒரு நிலையிலும் ஆங்கிலத்தில் வேறொரு நிலையிலும் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வயதுக்காரர்களோடுதான் உட்கார்கிறார்கள். பாட நிலைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

‘ஃபெயில் இல்லை’ என்றதும் நம் காதில் ‘ஆல் பாஸ்’ என்று விழுவது இயல்பு. எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்ன நாளிலிருந்து நாம் அந்தச் சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். லிண்ட்சேயின் ஏற்பாடு அதற்கு நேர் எதிர். ஆல் பாஸில் பிள்ளை நகரும், பாடம் பின்னால் தங்கிவிடும். இங்கே பாடம் ஏறாமல் பிள்ளை அடுத்த படிக்கு நகர முடியாது. அவமானம் இல்லை, ஆனால் சலுகையும் இல்லை. இரண்டு என்று மதிப்பெண் வாங்கியவனை அறுபது மார்க் வாங்கியவனைப் போல வாழ்த்தி அனுப்பிவைக்க முடியாது; அதே தலைப்பை வேறு வழியில் மறுபடி கற்றுக்கொடுத்தாக வேண்டும். ஆசிரியருக்கு வேலை கூடுகிறது.

அந்த வேலை எப்படிக் கூடுகிறது என்பது எந்த விளம்பரக் காணொளியிலும் வராது. முப்பது பேருக்கு ஒரே பாடத் திட்டம் எழுதிய ஆசிரியர் இப்போது ஏழெட்டு இடங்களில் நிற்கும் முப்பது பேரைக் கவனிக்க வேண்டும். யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று தினமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் சிக்கிய ஐந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்து இருபது நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த நேரம் மீதி இருபத்தைந்து பேர் தாங்களாக வேலை செய்யப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் தானாக வராது. வருடத் தொடக்கத்தில் வாரக்கணக்கில் பாடத்தை விட்டுவிட்டு அதையே பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். பதிவேடு கையால் முடியாது. கம்ப்யூட்டர் உண்மையில் அவசியமாகும் இடம் இந்தப் பதிவேடுதான், பாடம் நடத்துவதற்கு அல்ல. லிண்ட்சேயில் மாணவர்களை ‘கற்பவர்’ என்றும் ஆசிரியர்களை ‘கற்றல் உதவியாளர்’ என்றும்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி. எனக்கு இது கொஞ்சம் மிகையாகப் படுகிறது, பெயரை மாற்றினால் ஆள் மாறிவிட மாட்டார். ஆனால் ஊர் முழுவதும் கம்பியில்லா இணையத்தைப் பள்ளி மாவட்டமே அமைத்து, தோட்டக் கூலிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோனது விளையாட்டில்லை. 2020-இல் நாட்டின் பல பள்ளிகள் இணையத்துக்குத் திண்டாடியபோது அந்த ஊருக்கு அது ஏற்கெனவே இருந்தது.

பலன்? மாநிலத் தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் 2015-இல் கால்வாசிப் பேர். 2019-இல் அது பாதியை நெருங்கியது. இதே மாதிரியான ஏழை ஊர்களோடு ஒப்பிட்டால் அது நல்ல ஏற்றம். கணிதம் அந்த வேகத்தில் ஏறவில்லை. தேர்ச்சி இல்லாமல் நகர முடியாது என்ற அமைப்பில் பாதிப் பேர் மாநிலத் தேர்வில் தேறவில்லை என்றால், மாவட்டம் சொல்லும் ‘மூன்று’க்கும் மாநிலம் சொல்லும் தேர்ச்சிக்கும் இடைவெளி இருக்கிறது என்றாகிறது. அல்லது நிறையப் பேர் தங்கள் வயதுக்குரிய இடத்துக்குக் கீழேதான் இன்னும் இருக்கிறார்கள் என்றாகிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கும். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2015-இலும் 2017-இலும் இத்தகைய பள்ளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. முதல் அறிக்கையில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் கணிதத்தில் சிறிது, வாசிப்பில் அதைவிடச் சிறிது. அற்புதம் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

அற்புத எதிர்பார்ப்புக்கு ஒரு காரணகர்த்தா உண்டு. சிகாகோப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம், தேர்ச்சி பெற்ற பின்பே அடுத்ததுக்குப் போகும் முறையில் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பின் தொண்ணூற்றெட்டு சதவீத மாணவர்களை மிஞ்சினார் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகள் எதிலும் பலன் அவ்வளவு பெரிதாக வரவில்லை. ஆனாலும் மென்பொருள் விற்பவர்கள் இன்றுவரை அந்த எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

யோசனை அதைவிடப் பழையது. சிகாகோவுக்கு வடக்கே வினெட்கா என்ற ஊரின் பள்ளிகளுக்குக் கார்ல்டன் வாஷ்பர்ன் 1919 முதல் 1943 வரை கண்காணிப்பாளராக இருந்தார். மாணவர்கள் தாங்களே படித்துத் தாங்களே திருத்திக்கொள்ளும் பயிற்சிப் புத்தகங்களை அவருடைய ஆசிரியர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கு அட்டை. முடித்ததெல்லாம் அதில் குறிக்கப்படும். ஆனால் வாஷ்பர்ன் நாளை இரண்டாக வகுந்தார். பாதி நேரம்தான் இந்தத் தனி வேலை. மீதிப் பாதி நாடகம், இசை, விவாதம், சேர்ந்து செய்யும் காரியங்கள். அந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொண்டார்கள்.

எப்படி மாட்டினார்கள் என்பதற்கு பென்னி என்ற பையன் சாட்சி. அறுபதுகளில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் உருவாக்கிய தனிக் கற்றல் திட்டம் ஒன்று பல பள்ளிகளில் பரவியிருந்தது. பயிற்சித் தாள், விடைக்குறிப்பு, எண்பது சதவீதம் வந்தால் அடுத்த தாள். 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், கணிதத்தில் வேகமாக முன்னேறியதாக ஆசிரியர் பாராட்டிய பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு உட்கார்ந்து பேசினார். அவன்தான் பென்னி. பத்தில் ஐந்தை தசமத்தில் எழுதச் சொன்னால் 1.5 என்றான். 0.3-உம் 0.4-உம் சேர்ந்தால் 0.07 என்றான். தவறுவதில் தவறில்லை, அவனிடம் இதற்கெல்லாம் விதிகள் இருந்தன. விடைக்குறிப்போடு ஒத்துப்போவதற்காக அவனே கண்டுபிடித்த விதிகள். கணிதம் என்றால் யாரோ எங்கோ வைத்திருக்கும் விடைக்கேற்ப ஆடும் விளையாட்டு என்று நினைத்திருந்தான். எண்பது சதவீதம் அவனைத் தாள் தாளாக மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அவன் எப்படி யோசிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கத் தேவையில்லாதபடி அமைத்ததுதான் அந்தத் திட்டம்.

இதே பென்னி கதை திரையோடு திரும்பி வந்தது 2018, 2019-இல். சம்மிட் லேர்னிங் என்ற இணையவழித் திட்டம், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கும் அவர் மனைவியும் நடத்தும் அமைப்பின் ஆதரவோடு பள்ளிகளுக்கு இலவசமாகத் தரப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் வெலிங்டன், மெக்பெர்சன் ஊர்களில் பிள்ளைகள் நாளின் பெரும்பகுதி மடிக்கணினி முன்னால் தனியாக உட்கார்ந்தார்கள். தலைவலிக்கிறது என்றார்கள், கை வலிக்கிறது என்றார்கள். பெற்றோர் வீட்டு வாசலில் எதிர்ப்புப் பலகை நட்டார்கள், சிலர் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே எடுத்தார்கள். புரூக்லினில் ஒரு பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். திட்டத்தில் ஆசிரியர் வழிகாட்டலும் குழு வேலையும் எழுத்தில் இருந்தன. ஆனால் மேலே இருந்து மென்பொருள் முதலில் வந்து, ஊர்க்கூட்டம் கடைசியில் வந்த இடங்களில் திரைதான் மிஞ்சியது.

மெயின் மாநிலம் செய்த தவறு வேறு வகை. 2012-இல் சட்டமே போட்டார்கள்: எட்டுப் பாடத் துறைகளில் தேர்ச்சி காட்டினால்தான் பள்ளி முடிக்கும் சான்றிதழ். முன்பே விரும்பித் தொடங்கிய சில மாவட்டங்கள் அங்கே நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தன. சட்டம் வந்ததும் விரும்பாத மாவட்டங்களும் செய்தாக வேண்டும். ஒவ்வொன்றும் ‘தேர்ச்சி’ என்பதற்குத் தனக்குத் தோன்றிய விளக்கத்தை வைத்துக்கொண்டது. ஒன்று முதல் நான்கு வரையான மதிப்பெண் கல்லூரி விண்ணப்பத்தில் என்னவாகும் என்று பெற்றோர் பதறினார்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சான்றிதழே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கெடு தள்ளிப்போடப்பட்டது, 2018-இல் கட்டாயம் நீக்கப்பட்டது. விரும்பும் மாவட்டம் தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள்.

விரும்பிச் செய்ததை ஆணையாக்கினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துவிட்டு 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அதுதான் செயல்வழிக் கற்றல். பாடம் அட்டைகளாக, அட்டைகள் ஏணியாக, ஏணியில் மைல்கற்கள். பாயில் வட்டமாகப் பிள்ளைகள், அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒன்று முதல் நான்கு வரை ஒரே அறையில் கலந்து உட்கார்ந்து, அவரவர் ஏணியில் அவரவர் நிற்கும் படியிலிருந்து அட்டை எடுப்பார்கள். சுகாச் செய்ததற்கும் இதற்கும் முதுகெலும்பு ஒன்றே, ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாமல். மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது; 2007-08-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. முதல் பள்ளிகளின் ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்து, தாங்களே அட்டை தயாரித்தவர்கள். கடைசிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளிகளில் ஏணியில் படி காணாமல் போனது, பதிவேடு மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. பிறகு அது எளிமையாக்கப்பட்டது, பாடநூல் பக்கம் சாய்ந்தது. 2022-இல் கொரோனா இழப்பை ஈடுகட்ட வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தபோது, அந்தப் பழைய எண்ணம் வேறு சட்டை போட்டு வந்தது.

ஆணையும் இல்லை, ஊரும் சம்மதம், ஆசிரியர்களும் தயார் என்றாலும் வெளியிலிருந்து வரும் ஒரு சிக்கல் தீராது. ஆடம்ஸ் கவுன்டி 50, இப்போது வெஸ்ட்மின்ஸ்டர் என்று பெயர், டென்வருக்குப் பக்கத்தில் பத்தாயிரம் மாணவர்களுக்கருகில் இருந்த மாவட்டம். 2009-இல் வகுப்பு எண்களைக் கலைத்துவிட்டு நிலைகளுக்கு மாறியது. ஒன்பது வயதுப் பிள்ளை அங்கே இரண்டாம் நிலைக் கணிதம் படித்துக்கொண்டிருக்கலாம், அதுதான் அவனுக்குச் சரியான இடம். ஆனால் ஒன்பது வயதுக்காரனுக்கு மாநிலம் வைக்கும் தேர்வு நான்காம் வகுப்புத் தேர்வு. கற்காததில் அவனைச் சோதித்து, அந்த மதிப்பெண்ணை வைத்து மாவட்டத்துக்குத் தரம் போடுவார்கள். குறைந்த தரம் ஐந்து வருடம் தொடர்ந்தால் மாநிலம் தலையிடலாம் என்பது கொலராடோ விதி. எங்கள் முறைக்கும் உங்கள் அளவுகோலுக்கும் பொருந்தவில்லை என்று மாவட்டம் வாதாடியது. மாநிலத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ‘அவர்கள் வேகம் அவ்வளவுதான்’ என்று காலங்காலமாகக் கீழ்நிலை வகுப்புகளில் தேக்கி வைத்த நாடு அது. எல்லோருக்கும் வயதுக்குரிய ஒரே தேர்வு என்ற பிடிவாதம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அவரவர் வேகம் என்பது மெதுவாகப் போகிறவனை மறந்துவிட ஒரு நல்ல பெயராக மாறிவிடக் கூடாது. லிண்ட்சே போன்ற இடங்களில் நிலை மட்டுமல்லாமல், வயதுக்குரிய இடத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் திரையில் காட்டவைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

2015-இல் வந்த மத்தியக் கல்விச் சட்டம் இதற்கு ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆண்டுத் தேர்வுக்குப் பதிலாக, படிப்படியாகத் தேர்ச்சியை அளக்கும் வேறு தேர்வுமுறையை ஏழு மாநிலங்கள்வரை சோதித்துப் பார்க்கலாம் என்றது. விதிமுறை கடுமை: புதிய தேர்வின் மதிப்பெண் பழைய தேர்வோடு ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் கொண்டுபோக வேண்டும், இதற்கெனத் தனிப் பணம் கிடையாது. லூசியானாவும் நியூ ஹாம்ப்ஷையரும் 2018-இல் வந்தன. ஜார்ஜியா, வட கரோலினா, மாசசூசெட்ஸ் பின்னால் சேர்ந்தன. மற்ற இரண்டு இடங்களும் பல வருடம் காலியாகவே கிடந்தன.